எண்ணிக்கையும் பெயரும்: இரண்டு எஃபிங்ஹாம்களும் நம் குடும்பப் பதிவுகளும்



பெட்டாலிங் ஜெயாவில் உள்ள பண்டார் உத்தாமாவை உங்களில் பலருக்குத் தெரியும். 1995-இல் திறக்கப்பட்ட ஒன் உத்தாமா பேரங்காடி அங்கேதான் இருக்கிறது. அந்த வட்டாரம் முன்பு எஃபிங்ஹாம் தோட்டம். இன்று அங்கே தோட்டம் இல்லை, லயம் இல்லை, பெரட்டுக் களமும் இல்லை. ஆனால் எஃபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. தோட்டத்தின் பெயரை இன்றும் சுமந்து நிற்பது அந்தப் பள்ளிதான்.

இதே பெயரில் இங்கிலாந்திலும் ஓர் இடம் உண்டு. லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தில் இருக்கும் சிறிய கிராமம் அது. இரண்டாம் உலகப் போரில் அணைகளைத் தகர்த்த குதிக்கும் குண்டைக் கண்டுபிடித்த பார்ன்ஸ் வாலிஸ் அங்கேதான் நெடுங்காலம் வாழ்ந்தார். 1979-இல் இறந்த அவருடைய கல்லறை அந்த ஊரின் புனித லாரன்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது.

புகழ்பெற்றவர்களை விடுங்கள். அந்த ஊரில் ஏர் ஓட்டியவன், ஆடு மேய்த்தவன், துணி துவைத்தவள் ஆகியோரின் பெயரை இன்று தேடினால் கிடைக்குமா? நம் எஃபிங்ஹாமில் பால் மரம் வெட்டியவர், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர் ஆகியோரின் பெயரைத் தேடினால் கிடைக்குமா? இந்த இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. தேர்வில் வரும் 'வரலாற்று மூலங்கள்' என்ற பகுதிக்கும் இது உதவும்.

இங்கிலாந்தில் பெயர் எழுதிய கதை

"வெள்ளைக்காரன் எல்லாத்தையும் எழுதி வச்சிருப்பான்" என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். அது பாதிதான் உண்மை.

1086-ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னன் முதலாம் வில்லியம் தன் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்தான். அந்தக் கணக்குப் புத்தகத்துக்கு டூம்ஸ்டே புத்தகம் என்று பெயர். எஃபிங்ஹாம் அதில் இடம்பெற்றிருக்கிறது. நிலத்துக்கு உரியவர் யார், எத்தனை ஏர், எவ்வளவு மதிப்பு என்பதெல்லாம் அதில் உண்டு. உழைத்த குடியானவர்களும் இருக்கிறார்கள், ஆனால் எப்படி? 'இத்தனை பேர்' என்று மட்டும். நிலக்கிழாருக்குப் பெயர், குடியானவனுக்கு எண்ணிக்கை. வரி வாங்குவதற்கு எண்ணிக்கை போதும் அல்லவா!

குடியானவனின் பெயர் ஒழுங்காகத் தாளில் ஏற இன்னும் 450 ஆண்டுகள் ஆயின. 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு தேவாலயமும் தன் ஊரில் நடக்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் எழுத வேண்டும். அந்தப் புத்தகத்தை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு சாவி பாதிரியாரிடம், இன்னொன்று ஊர்ப் பொறுப்பாளர்களிடம். எழுதத் தவறினால் அபராதம்.

இந்த இரண்டு சாவிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். பதிவேடு தனி ஒருவரின் சொத்தாக இருக்கவில்லை. பாதிரியார் மாறிப் போனாலும் புத்தகம் ஊரிலேயே இருந்தது. 1598 முதல் ஆண்டுதோறும் ஒரு பிரதியை ஆயருக்கு அனுப்பும் வழக்கமும் வந்தது. ஒன்று எரிந்தாலும் மற்றொன்று மிஞ்சும்.

பிறகு 1837 ஜூலை 1 முதல் அரசாங்கமே பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியத் தொடங்கியது. 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வீட்டுக்கு வீடு ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டுப் பாதுகாக்கப்பட்டது. இவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால், ஒரு சாதாரண உழவனின் குடும்பத்தைப் பத்துத் தலைமுறை வரைகூடப் பின்னோக்கிப் பிடிக்க முடிகிறது.

இவையும் குறையற்ற ஆவணங்கள் என்று நினைக்க வேண்டாம். தேவாலயப் பதிவேடு எழுதியது ஞானஸ்நான நாளை; பிறந்த நாளை எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேறு சபையைச் சேர்ந்தவர்கள் பலர் அதில் விடுபட்டார்கள். 1841 கணக்கெடுப்பில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 38 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். ஆக, எந்த மூலத்தையும் 'இதை எழுதியவர் யார், எதற்காக எழுதினார்?' என்று கேட்டுத்தான் வாசிக்க வேண்டும்.

மலாயாவில் நம்மை எழுதிய விதம்

இப்போது நம் பக்கம் வருவோம்.

ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் பெரும்பாலும் கங்காணி மூலம் வந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே, 1907-இல், முதலாளிகளிடம் பணம் வசூலித்து ஆட்களுக்குக் கப்பல் செலவு கொடுக்கும் நிதி ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் ஆட்கள் தங்க வைக்கப்பட்டார்கள். பிறகு கப்பல். பினாங்கிலோ, 1901-இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலோ இறங்கினார்கள். சுவெட்டன்ஹாம் துறைமுகம்தான் இன்றைய கிள்ளான் துறைமுகம். பாட்டிமார் இன்னமும் சொல்லும் 'ரஜூலா கப்பல்' 1926-இல் கட்டப்பட்டது. 1938-இல் இந்திய அரசு உதவித்தொகையோடு தொழிலாளர் வருவதைத் தடை செய்யும் வரை இந்த வரத்து நடந்தது.

இதற்கெல்லாம் பதிவு இருக்கிறதா? நிறையவே இருக்கிறது. தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். இந்த ஆண்டு வந்த பெரியவர்கள் இத்தனை, சிறுவர்கள் இத்தனை, திரும்பிப் போனவர்கள் இத்தனை, ஆயிரத்துக்கு இத்தனை மரணம். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மலாயாவில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் காட்டுகிறது. எல்லாம் அட்டவணைகள், எல்லாம் எண்ணிக்கை. நம் கொள்ளுத்தாத்தா அந்தக் கட்டங்களில் ஏதோ ஒன்றில் இருக்கிறார், ஆனால் பெயரோடு இல்லை. 1086-இல் சர்ரே குடியானவன் இருந்த அதே நிலை!

அதே காலத்துத் துரைமார்களின் பெயர்களோ இடப்பெயர்களாகவே நின்றுவிட்டன. கோலலங்காட்டில் உள்ள கேரித் தீவு, எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற தோட்ட முதலாளியின் பெயரைத் தாங்கியது. மிட்லண்ட்ஸ், ஹைலண்ட்ஸ், எடின்பரோ போன்ற பெயர்கள் துரைமாரின் ஊர் நினைவைச் சொல்கின்றன. அந்தப் பெயர்களும் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில்தான் வாழ்கின்றன.

மற்ற நாடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மொரிஷியஸ், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் ஆகிய இடங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு ஆள் ஆளுக்குப் பதிவு இருந்தது. பெயர், தந்தை பெயர், வயது, ஊர், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு எல்லாம் எழுதினார்கள். அன்பினால் எழுதவில்லை, ஆள் ஓடிப் போனால் பிடிக்க வேண்டும் என்பதற்காக எழுதினார்கள். ஆனாலும் அந்தப் பட்டியல்களைக் கொண்டு இன்று அங்குள்ள தமிழர்கள் தங்கள் மூதாதையரின் கிராமத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அடக்குவதற்காக எழுதியது நூறு வருஷம் கழித்து பேரப்பிள்ளைகளுக்கு உறவுச் சீட்டாக மாறியிருக்கிறது.

நம் தோட்டத்திலும் ஆள் பெயர் எழுதிய ஒரு புத்தகம் இருந்தது. அதுதான் செக்ரோல். காலையில் பெரட்டுக்கு நின்றவர்களின் பேரைக் கிராணி அதில் குறித்தார். சம்பளம் போட அது தேவைப்பட்டது. சம்பளம் கொடுத்து முடிந்ததும், அதை வைத்திருக்க வேண்டிய அவசியம் கம்பெனிக்கு இல்லை. தோட்டம் கைமாறியபோது, துண்டாடப்பட்டபோது, வீடமைப்புப் பகுதியாக மாறியபோது, அந்தப் புத்தகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஊர்ப் பொறுப்பாளர் என்று ஒருவரும் இல்லை. இரண்டாவது சாவி நம் கையில் இல்லை.

பெயர் இல்லாத மரணம்

முதல் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தின் சின்னஞ்சிறு கிராமங்களிலும் கல் நட்டு, போரில் இறந்த ஊர்ப் பிள்ளைகளின் பெயர்களைச் செதுக்கினார்கள்.

சயாம் மரண ரயிலை நினைத்துப் பாருங்கள். 1942-1943-இல் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் தூரத்துக்கு அந்தப் பாதையைப் போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டு போனார்கள். இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போனால், போர்க் கைதிகளாக இறந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்களின் ஏறத்தாழ 7,000 கல்லறைகளை வரிசை வரிசையாகப் பார்க்கலாம். பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு இருக்கும். அதே பாதையில் காலராவிலும் பசியிலும் செத்த நம் ஆட்களுக்கு அப்படி ஒரு பெயர்ப் பட்டியல் இல்லை. ராணுவத்துக்குத் தன் வீரர்களின் பட்டியல் இருந்தது. தோட்டத்து ஆளுக்குப் பட்டியல் வைத்திருந்தவர் கிராணி. அந்தப் பட்டியலும் சம்பளத்துக்கானது.

நம் வீடுகளில் 'சயாமுக்குப் போனவரு திரும்பி வரல' என்ற ஒற்றை வரி இன்னமும் இருக்கிறது. அந்த வரிதான் அவருடைய ஒரே ஆவணம். சொல்பவர் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

நம் பெயர் முறையில் உள்ள சிக்கல்

ஆங்கிலேயர் குடும்பத்தைத் தேடுவதற்கு அவர்களின் குடும்பப் பெயர் உதவுகிறது. ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகலாம். நமக்கு அப்படி இல்லை. தந்தையின் பெயர் பிள்ளையின் பெயரோடு வரும்; அடுத்த தலைமுறையில் அது மறைந்துவிடும். மலாய் ஆவணங்களில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்று எழுதுவதும் அப்பா பெயரை மட்டும்தான் சொல்கிறது.

ஆகவே நம் குடும்ப வரலாறு ஒரு சங்கிலி. உன் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இருக்கும். அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் தாத்தா பெயர் இருக்கும். தாத்தாவின் பத்திரத்தில் கொள்ளுத்தாத்தா பெயர் இருக்கும். நடுவில் ஒரு பத்திரம் தொலைந்தால் அதற்கு மேல் ஏற முடியாது. ஆங்கிலேயர் ஒரு கண்ணி அறுந்தாலும் தாவிப் போகலாம், நம்மால் முடியாது. பெண் வழியில் தேடுவது இன்னும் கடினம்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு தொல்லை. ராமசாமி என்ற ஒரே ஆளை மூன்று கிராணிகள் ரோமன் எழுத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். 'தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பொறந்தான்' என்று அம்மா சொன்னதைக் கேட்டு ஒரு தேதி போட்டிருப்பார்கள். பள்ளியில் ஒரு தேதி, அடையாள அட்டையில் வேறு தேதி. மாணவர்களே, இப்படி முரண்பாடு வந்தால் ஒன்றைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். எது நிகழ்ச்சிக்கு அருகில் எழுதப்பட்டது, எழுதியவருக்குச் சொன்னவர் யார் என்று பாருங்கள். மூலத்தை மதிப்பிடுவது என்றால் இதுதான்.

தாள் இல்லாதவர் படும் பாடு

குடும்பப் பதிவு என்பது பழம்பெருமை பேசுவதற்கு மட்டும் என்று யாராவது சொன்னால், நம் சமூகத்தின் அடையாள ஆவணப் பிரச்சினையைக் காட்டுங்கள்.

அடையாள அட்டை 1948-இல், அவசரகாலத்தில் அறிமுகமானது. 1957-இல் சுதந்திரம் வந்தபோது குடியுரிமை என்ற கேள்வி எழுந்தது. மெர்டேக்கா நாளிலிருந்து 1962 செப்டம்பர் வரை இந்நாட்டில் பிறந்தவர், பிறந்த காரணத்தாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பெற்றோரின் தகுதியையும் காட்ட வேண்டியதாயிற்று. பிறந்த தேதியும் பிறந்த இடமும் பெற்றோர் பெயரும் தாளில் இருந்தால் வழி உண்டு. இல்லாவிட்டால், இங்கேயே பிறந்து வளர்ந்தவரும் சிவப்பு அடையாள அட்டையோடு நிற்க வேண்டியதுதான், அதுவும் இல்லாமல் போகலாம். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாக்கப்பட்டபோது பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள்.

திருமணமும் இப்படித்தான். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதோர் திருமணத்தைப் பதிவது கட்டாயம். கோயிலில் தாலி கட்டி ஊருக்கே சோறு போட்டாலும், பதிவு செய்யாவிட்டால் சட்டத்தின் பார்வையில் பிள்ளை தாயின் தகுதியைத்தான் பெறும். தாய்க்குக் குடியுரிமை இல்லையென்றால் பிள்ளைக்கும் சிக்கல். பள்ளியில் சேர்க்கும்போது பத்திரம் இல்லாமல் தவிக்கும் பெற்றோரை ஆசிரியர்களாகிய நீங்கள்தான் முதலில் பார்க்கிறீர்கள்.

இப்படிப்பட்ட ஒருவர் தேசியப் பதிவிலாகாவில் தன் கதையை நிரூபிக்க என்ன கொண்டு போவார்? 'இந்தத் தோட்டத்தில் பிறந்தேன்' என்றால் தோட்டமே இல்லை. துணைச் சான்றாகப் பல நேரங்களில் மிஞ்சுவது ஒன்றுதான்: அவர் படித்த பள்ளியின் பதிவேடு.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி வைக்க வேண்டும். அந்தப் பள்ளிகளில் பல கொட்டகைகள்தான். ஆனால் கொட்டகைப் பள்ளியிலும் வாத்தியார் ஒரு புத்தகம் வைத்திருந்தார். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், வயது, சேர்ந்த நாள், விலகிய நாள். சம்பளம் போடுவதற்காகவோ ஆளைப் பிடிப்பதற்காகவோ எழுதிய பெயர்கள் அல்ல அவை. பிள்ளை படிக்க வந்ததற்காக எழுதியவை.

தோட்டம் போனது, கம்பெனி மாறியது, லயம் இடிந்தது. பள்ளி தொடர்ந்தது. எஃபிங்ஹாம், மிட்லண்ட்ஸ், காசல்ஃபீல்ட் போன்ற பெயர்கள் இன்றும் நம் நாவில் இருப்பது அதனால்தான். இங்கிலாந்துக் கிராமத்துக்குத் தேவாலயப் பதிவேடு எப்படியோ, தோட்டத் தமிழனுக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு அப்படி. இந்த ஒன்றைத்தான் இக்கட்டுரை வலியுறுத்த விரும்புகிறது.

பிரிக்பீல்ட்ஸ் குடும்பங்களின் நிலை சற்று வேறு. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற அந்த இடத்தில் ரயில்வே ஊழியர்கள் குடியிருந்தார்கள். நூறு வீடுகள் கொண்ட 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' இப்போது இல்லை. ஆனால் அரசாங்க வேலை என்பதால் நியமனக் கடிதம், ஓய்வூதியத் தாள் போன்றவை அந்த வீடுகளில் இருக்கும். ஒரே ஊரில், ஒரே மொழி பேசியவர்களுக்குள் ஒரு குமாஸ்தாவின் குடும்பத்துக்குத் தாள் அதிகம், பால்வெட்டுக்காரர் குடும்பத்துக்குக் குறைவு. வரலாறு யார் பக்கம் சாய்ந்து எழுதப்படும் என்பதைத் தாளின் அளவே தீர்மானிக்கிறது.

இந்தக் குறையை ஓர் ஆசிரியர் தன் சமூகத்துக்காக நிரப்பப் பார்த்தார். எஸ். துரைராஜசிங்கம் மலாயாவில் ஆசிரியராக இருந்தவர். மலாயா இடப்பெயர்களை ஆராய்ந்தார். 1867 முதல் 1967 வரை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இலங்கையரின் நூறாண்டு வரலாற்றையும் ஆங்கிலத்தில் தொகுத்தார். அரசாங்கம் செய்யட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

வகுப்பில் செய்ய வேண்டியவை

நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் தன்னையும் குடும்பத்தையும், பள்ளியையும், வசிப்பிடத்தையும் பற்றிய பகுதிகள் வருகின்றன. அவற்றையே தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று: மாணவர் தன் பிறப்புப் பத்திரத்தில் தொடங்கி, பெற்றோர், தாத்தா பாட்டி என்று ஒவ்வொரு கண்ணியாக ஏறட்டும். எந்த இடத்தில் தாள் நின்று வாய்மொழி தொடங்குகிறது என்று குறிக்கட்டும். பத்திரத் தகவலையும் கேட்டறிந்த தகவலையும் வேறு வேறு நிறத்தில் எழுதச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளையிடமும் பத்திரம் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். யாரையும் வகுப்பின் முன் சங்கடப்படுத்த வேண்டாம்.

இரண்டு: பெரியவர்களிடம் கேட்கும்போது 'எப்ப வந்தீங்க?' என்று மட்டும் கேட்டால் பதில் வராது. 'நம்ம தோட்டத்துக்குத் தமிழ்ல என்னா பேரு? கங்காணி எந்த ஊருக்காரரு? எந்தத் திருவிழாவுக்கு அப்புறம் அம்மா பொறந்தாங்க? ஜப்பான்காரன் காலத்துல யாரு சயாமுக்குப் போனாங்க?' என்று கேளுங்கள். கேட்ட தேதியையும் சொன்னவர் பெயரையும் கட்டாயம் எழுதுங்கள்.

மூன்று: தலைமையாசிரியர்களே, பழைய சேர்க்கைப் பதிவேடுகள் எங்கே இருக்கின்றன என்று இந்த வாரமே பாருங்கள். கரையானும் ஈரமும் காத்திருக்காது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஒரு பிரதியைப் பள்ளியிலும் மற்றொன்றைப் பள்ளிக்கு வெளியே பாதுகாப்பான பொறுப்பிலும் வையுங்கள். இரண்டு சாவி முறை இதுதான். அதில் உயிரோடு இருப்பவர்களின் விவரங்களும் இருப்பதால் அனுமதியின்றிப் பகிரக் கூடாது. பழைய ஆவணங்களைப் பற்றி ஆலோசனை கேட்க, 1957-இல் தொடங்கப்பட்ட தேசிய ஆவணக் காப்பகம் கோலாலம்பூரிலேயே இருக்கிறது.

பயிற்சி வினாக்கள்

1. டூம்ஸ்டே புத்தகத்துக்கும் மலாயாத் தொழிலாளர் இலாகா ஆண்டறிக்கைகளுக்கும் உள்ள ஓர் ஒற்றுமையை விளக்குக.
2. தேவாலயப் பதிவேடு, செக்ரோல், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகிய ஒவ்வொன்றும் எந்த நோக்கத்துக்காக எழுதப்பட்டது? அந்த நோக்கம் அதில் உள்ள தகவலை எவ்வாறு பாதிக்கிறது?
3. தமிழர் பெயர் முறை குடும்ப வரலாற்றுத் தேடலைக் கடினமாக்குவது ஏன்?
4. சயாம் மரண ரயிலில் இறந்த தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி எழுத வாய்மொழி வரலாறு ஏன் இன்றியமையாதது? அதன் வரம்புகள் யாவை?

சர்ரேயில் உள்ள எஃபிங்ஹாமில் குடியானவர்கள் எண்ணிக்கையிலிருந்து பெயருக்கு வர 450 ஆண்டுகள் ஆயின. பண்டார் உத்தாமாவிலும் கிள்ளானிலும் பூச்சோங்கிலும் உள்ள நம் பள்ளி அலமாரிகளில் அந்தப் பெயர்கள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன. அலமாரியைத் திறப்பது நம் வேலை.